சாவி கொடுத்தால் ஓடும் தகர விலங்கு: ஜப்பானா, ஜெர்மனியா, சீனாவா, புதுசா?

அக்கா மகனுக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை. போனஸ் கைக்கு வந்ததும் 400 வெள்ளியை (ரிங்கிட்) தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, பழைய தகரப் பொம்மை ஒண்ணு வாங்கணும், சாவி கொடுத்தா ஓடுற மிருகமா இருக்கணும், எதை வாங்கட்டும்?" என்று கேட்டு நான்கு படங்களை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். மத்தளம் கொட்டும் ஜப்பான் கரடி, பெட்டியோடு. தரையைக் கொத்தும் ஜெர்மன் குருவி. சீனாவில் செய்த தவளையும் கோழியும், ஜோடியாக. கடைசியில், இன்று ஆர்டர் போட்டால் இந்த வாரமே வாசலுக்கு வந்துவிடும் புத்தம் புது "பழைய காலத்து" முயல். படங்களுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: "போட்ட காசு ஏறுமா மாமா?"

குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், ஏழு நிமிடம் ஆகியும் கரடியையே தாண்டவில்லை. சரி, எழுதியே விடலாம், இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், வீட்டு முன்கூடத்தில் காற்றாடி, மிக்சி, ரைஸ் குக்கர் பழுது பார்க்கிறவன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பிறந்து வளர்ந்தவன். கண்ணாடி அலமாரியில் இப்போது 14 தகர விலங்குகள் இருக்கின்றன. அதில் 13 ஓடும், ஓடாத ஒன்றின் கதை கீழே வருகிறது. வியாபாரி இல்லை, எதையும் விற்கவும் போவதில்லை, அதனால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

நாடு, வயது, விலை எல்லாம் அப்புறம். முதலில் நம் ஊர்க் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பொம்மைகளைப் பாதுகாப்பது பற்றி வெளிநாட்டுக்காரர்கள் கொடுக்கும் யோசனைகள் எல்லாம் குளிருக்கு ஹீட்டர் போட்டு உலர்ந்து கிடக்கும் வீட்டுக்குத்தான் சரி. இங்கே ஒரு வாரம் அடைமழை பிடித்தால் அலமாரியில் தொங்கும் பெல்ட்டிலேயே பூசணம் பூத்துவிடுகிறது. தகரம் என்று சொல்கிறோமே தவிர உண்மையில் அது மெல்லிய இரும்புத் தகடு, அதன் மேல் வெள்ளீயம் ஒரு பூச்சாகத்தான் இருக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். பேராக்காரர்களுக்கு வெள்ளீயத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கத் தோண்டி எடுத்தது அதைத்தான், 1938இல் கட்டி 1982 வரை ஓடிய ஈயக் கப்பல் (மிதந்தபடியே ஈய மண்ணைத் தோண்டி எடுக்கும் இயந்திரம்) தஞ்சோங் துவாலாங்கில் இன்னும் நிற்கிறது, 1985இல் உலக விலை விழுந்தபோது சுரங்கங்கள் வரிசையாக மூடியதைப் பார்த்தவர்கள் ஈப்போ பக்கம் எத்தனையோ பேர்.

இன்னொன்று, எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த விஷயம். இந்தப் பொம்மைகளின் கண், இறகு, செதில் எதுவும் கையால் வரைந்ததில்லை. தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சடித்து, பிறகு வெட்டி, அச்சில் அழுத்தி வளைத்து, ஓரத்தில் விட்ட சின்னத் தகர நாக்குகளை எதிர்ப்பக்கத் துளையில் நுழைத்து மடக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அச்சடிக்கும் படத்தை முதலில் ஒரு கல்லில்தான் வரைவார்கள், அதை நேராகத் தகரத்தில் அழுத்தினால் சரியாக விழாது. அதற்காகத்தான் 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே என்பவர் படத்தை முதலில் ஓர் உருளையில் வாங்கி, அங்கிருந்து தகரத்துக்கு மாற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். முதலில் அந்த உருளைக்கு அட்டைதான் போர்த்தினார்கள், பிறகு ரப்பர். ஆக, தகரப் பொம்மைக்கு வேண்டியது ஈயமும் ரப்பரும். எங்கள் வீட்டில் அம்மா ரப்பருக்குப் பால்மரம் வெட்டினார், பெரியப்பா ஈயச் சுரங்கத்தில் இருந்தார், வீட்டில் பொம்மை மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூச்சும் அச்சும் முழுசாக இருக்கிற இடத்தில் துரு சுலபத்தில் வராது. வெட்டிய விளிம்பு, நாக்கு மடிந்த மடிப்பு, ஆழமான கீறல், இந்த மூன்றிலும் இரும்பு வெளியே தெரியும், அங்கேதான் துரு தொடங்கும். அதனால் எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதில் ஈரம் ஒளிந்துகொள்ள எத்தனை இடம் இருக்கிறது என்பதைத்தான். நான்கு படத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஜப்பான் கரடி. பார்த்ததும் மனசு போவது இதன் பின்னால்தான், ஒப்புக்கொள்கிறேன். போர் முடிந்து சில மாதங்களிலேயே, 1945 டிசம்பரில், ஒட்சு என்ற ஊரில் கொசுகே என்ற பொம்மைக்காரர் அமெரிக்க ராணுவத்தார் சாப்பிட்டுப் போட்ட டின்களைத் தட்டி ஜீப் பொம்மை செய்து 10 யென்னுக்கு விற்றார். அங்கே தொடங்கி இருபது ஆண்டுக்குள் உலகத்துக்கே பொம்மை அனுப்புகிற நாடாகிவிட்டார்கள். 1947 முதல் 1952 வரை ஏற்றுமதியானவற்றில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது" என்ற வரி ஆங்கிலத்தில் இருக்கும், வயது கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆல்ப்ஸ், மசுதாயா, யோனெசாவா, டி.பி.எஸ். என்று கம்பெனிக் குறிகள் வயிற்றிலோ முதுகிலோ பொடியாக அச்சாகியிருக்கும். இயந்திரமும் கெட்டி. என்னிடம் இருக்கும் ஒரு ஜப்பான் வாத்து, இத்தனை வயதில் முழுச் சாவிக்கு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ளாடாமல் போகும்.

பிறகு என்ன குறை என்றால், அவன் அனுப்பிய கரடி உரோமம் போர்த்திய கரடி. தகர உடம்பின் மேல் துணி ஒட்டியிருக்கிறது. அடியில் துரு இருந்தால் வெளியே தெரியாது, துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூசணம் பிடித்தால் கழுவவும் முடியாது, உள்ளே பழுது என்றால் துணியைக் கிழிக்காமல் திறக்கவும் வழியில்லை. சில பழைய ஜப்பான் பொம்மைகளில் தலை மட்டும் செல்லுலாய்டாக (ஆதிகாலத்துப் பிளாஸ்டிக்) இருக்கும். அது வெயிலில் நொறுங்கும், நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும், சாமி விளக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

அடுத்து பெட்டி. பெட்டியோடு இருந்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. இந்தக் கரடிக்கு 380 கேட்கிறார்கள், அதே ஆள் பெட்டி இல்லாத இன்னொன்றுக்கு 220. ஆக 160 வெள்ளி அட்டைக்கு. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பெட்டியோடு ஒரு ஜப்பான் முயலை வாங்கி, பெட்டி கெட்டுவிடக்கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். மழைக்காலம் போனதும் எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் புதுசு மாதிரி பளபள, அடிவயிற்றைத் திருப்பினால் அட்டை பட்ட இடம் மட்டும் ரவை சிந்தியது போலச் செம்புள்ளி. அட்டை ஈரத்தை இழுத்துக் கொடுத்திருக்கிறது, பை அதை வெளியே விடவில்லை. சாவி அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை, அழுத்தியதில் உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், ஸ்பிரிங் நடுவில் முறிந்துவிட்டது. அதுதான் அந்தப் பதினாலாவது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

ஜெர்மன் குருவி. நான்கில் சிறந்த பொருள் எது என்று மட்டும் கேட்டால் இதுதான். நியூரம்பெர்க் பொம்மைக்கே பேர்போன ஊர். 1912இல் அங்கே தொடங்கிய ஷுக்கோவும், பிராண்டன்பர்க்கில் 1881இல் தொடங்கிய லேமனும் சாவிப் பொம்மை சேர்க்கிறவர்கள் மூச்சுக்கு ஒருதரம் சொல்லும் பெயர்கள். போருக்குப் பிறகு சில ஆண்டு "அமெரிக்க மண்டல ஜெர்மனி" என்று அச்சடித்தார்கள், அப்புறம் மேற்கு ஜெர்மனி. இதில் ஷுக்கோவின் பழைய விலங்குகள் பல, உரோமமோ துணியோ போர்த்தியவை. கரடிக்குச் சொன்னதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். மருமகன் காட்டிய குருவி முழுக்கத் தகரம், வழவழவென்று ஒரே உடம்பு, ஈரம் நிற்க இடமே இல்லை. இந்த விஷயத்தில் நூற்றுக்கு நூறு.

ஆனால் விற்கிறவர் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்க வேண்டும். "ஓடவில்லை, காட்சிக்கு அழகு", 350 வெள்ளி, வெளிநாட்டிலிருந்து வரும் தபால் செலவு தனி. சாவியும் இல்லை. ஜெர்மன்காரர்கள் பல பொம்மைகளுக்குச் சாவியைத் தனியாகக் கொடுத்தார்கள், நூறு வீட்டில் எண்பது வீட்டில் அது தொலைந்திருக்கும் என்று தோன்றுகிறது, என் கணக்குத்தான். சாவியின் நுனித் துளை சதுரமாக இருக்கும், அளவு பொம்மைக்குப் பொம்மை மாறும், பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகினால் பொம்மைக்குள் இருக்கும் சுழல் அச்சின் முனை மழுங்கிவிடும். ஓடாததற்கு என்ன காரணம் என்று கையில் எடுக்காமல் சொல்ல முடியாது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தால் பத்து நிமிட வேலை. ஸ்பிரிங்கின் நுனி மட்டும் ஒடிந்திருந்தால் அந்த நுனியைச் சிவக்கக் காய்ச்சி மிருதுவாக்கி மறுபடி கொக்கி போடலாம், நான் செய்திருக்கிறேன். நடுவில் முறிந்திருந்தால் என் முயலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டியதுதான். சாவியை "ரொம்பத் திருகிட்டாங்க, அதான் நின்னுபோச்சு" என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். முழுக்கத் திருகியதால் ஸ்பிரிங் கெடுவதில்லை, முழுக்கத் திருகிய ஸ்பிரிங் அவிழ முடியாமல் எங்கோ சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

புது முயலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 45 வெள்ளி, அழகாகத்தான் இருக்கிறது. தகடு மெல்லிசு, என்னிடம் பழுதுக்கு வந்த இரண்டில் உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக். புதுசு என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை, புதுசைப் பழசு என்று விற்பதுதான் வயிற்றெரிச்சல். இணையத்தில் ஒருவரிடம் "1950களின் யானை" என்று 180 வெள்ளி கொடுத்து வாங்கினேன், வந்த பெட்டியின் அடியில் பார்கோடு! கடைப் பொருளில் பார்கோடு வந்ததே 1974இல்தான். பேசிப் பார்த்தேன், "பெட்டி மட்டும் பின்னால அடிச்சது சார்" என்றார், யானை அதே பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. ஐரோப்பாவின் சி.இ. பாதுகாப்புக் குறி இருந்தாலும் அப்படித்தான், அது 1990களின் சமாச்சாரம்.

சின்னப் பிள்ளைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய தகரப் பொம்மைகளில் பலவற்றிலேயே "சேகரிப்பாளருக்கு மட்டும், விளையாட அல்ல" என்று போட்டிருப்பார்கள், விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால். பிள்ளை விளையாட வேண்டுமென்றால் நம் நாட்டு எம்.சி. பாதுகாப்புக் குறி இருக்கிற வேறு பொம்மையாக வாங்கிக் கொடுங்கள். பழையதோ இன்னும் மோசம், அந்தக் காலத்துப் பெயின்டில் காரீயம் இருந்தது. வெள்ளீயம் சாதுவானது, காரீயம் அப்படியில்லை, அமெரிக்காவில் 1978இலேயே வீட்டுப் பெயின்டுக்கும் பொம்மைக்கும் அதைத் தடை செய்துவிட்டார்கள். எடுத்து வாயில் வைக்கிற வயசுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அலமாரிக்குப் பூட்டுப் போடுங்கள்.

இப்போது சீனத்து ஜோடி. ஷாங்காய்ப் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பொம்மைகளின் உடம்பில் "எம்.எஸ்." என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், துள்ளும் தவளைக்கு 082. சீனாவில் ஒரு தலைமுறையே இந்தத் தவளையோடுதான் வளர்ந்தது. நம் பக்கமும் குறைவில்லை. சம்பளத்தன்று தோட்டத்து வாசலில் துணிமணி, சட்டி, வளையல் என்று கடை பரப்புவார்களே, அதில் ஒரு மூலையில் இந்தக் கோழி கொத்திக்கொண்டே இருக்கும், அப்பா வாங்கிக் கொடுத்த ஒரே பொம்மை அது. வாங்கி ஒரு மாதத்தில் கோழி மந்தமானது. அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைச் சாவித் துளை வழியாகத் தாராளமாக ஊற்றினாள். அன்று முழுக்க நன்றாகத்தான் கொத்தியது. அப்புறம் லயத்து வாசல் மண்ணெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி, உள்ளே களிம்பாகி, கோழி குனிந்தது குனிந்தபடி நின்றுவிட்டது.

தோட்டத்தைவிட்டு வெளியே வந்தபோது அது எங்கே போனதோ. இப்போது என்னிடம் இருப்பது ஈப்போவில் ஞாயிறு காலை பழைய சாமான் சந்தையில் எடுத்தது. அதைத் திறந்ததைச் சொல்கிறேன், ஏன் இந்த ஜோடியை வாங்கச் சொல்கிறேன் என்பது அதில் இருக்கிறது. அடியில் ஆறு நாக்குகள். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக, நேராக நிமிர்த்தாமல் பாதி மட்டும் நிமிர்த்தினேன், தகரம் இரண்டு மூன்று தடவைக்கு மேல் மடிப்புத் தாங்காது, ஒடிந்துவிடும். உடம்பு இரண்டு ஓடாகப் பிரிந்தது, உள்ளே தீப்பெட்டி அளவு இயந்திரம், ஒரு சுருள் ஸ்பிரிங், மூன்று பல்சக்கரம், ஒரு பக்கம் புடைத்த ஒரு சின்னச் சக்கரம். அந்தப் புடைப்பு மேலே வரும்போதெல்லாம் உடம்பை முன்னால் தள்ளும், கோழி குனியும். தவளையிலும் இதே சங்கதிதான், அங்கே புடைப்பு காலைத் தள்ளிவிட்டு நழுவும், நழுவுகிற நொடியில் துள்ளும். லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு (அச்சுப்படம் பக்கம் படாமல், பட்டால் சாயம் போகும்) பிசினைத் துடைத்து, அச்சு சுழலும் முனைகளில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையால் வைத்தேன். ஒரு சொட்டே அதிகம். மூடிச் சாவி கொடுத்தால், டக் டக் டக் டக்.

மற்ற மூன்றில் எதையும் இப்படி மேசையில் வைத்துத் திறக்க எனக்குத் தைரியம் வராது. இதில் கெட்டால் இன்னொன்று கிடைக்கும், சாவி உடம்போடு பொருத்தியது, தொலையாது. துணி இல்லை, உரோமம் இல்லை, பெட்டிக்குக் கொடுக்கும் காசு இல்லை. குறையும் சொல்லிவிடுகிறேன்: அச்சு ஜப்பானைவிடச் சாதாரணம், ஓட்டமும் குறைவு, தவளை சில சமயம் துள்ளிப் பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். அதே எண்ணோடு புதுசாகவும் அடித்து விற்கிறார்கள், அதனால் 082 என்று இருப்பதாலேயே பழசு ஆகிவிடாது. சாவியின் அடிப்பாகத்தில் உடம்புத் தகடு தேய்ந்து வட்டமாக மினுங்குகிறதா என்று பாருங்கள். பல கைகள் திருகிய பொம்மையில் அது இருக்கும், அழுக்கைப் பூசிப் பழசாக்கியதில் இருக்காது.

காசு ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏறுகிற பொம்மை, பெட்டி கலையாத, சாவி திருகாத, துரு அண்டாத பொம்மை. அப்படி இங்கே வைத்திருக்க, கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கிற மின்சார உலர்பெட்டி வேண்டும், அது வருஷம் முழுக்க ஓட வேண்டும், நீ அந்தப் பொம்மையைத் தொடவே கூடாது. அதற்குத் தங்கம் வாங்கு தம்பி. துருவும் பிடிக்காது, அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். நல்ல நிலையில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றால் சிங்கப்பூர் போகும்போது சியா ஸ்திரீட்டில் 2007இல் திறந்த மிண்ட் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருநாள் செலவழி.

என் தீர்ப்பை அனுப்பினேன்: ஜோடியை வாங்கு, கரடி வேண்டவே வேண்டாம், குருவி ஓடுகிற நிலையில் கிடைத்தால் அடுத்த போனஸுக்கு. அவனுக்குக் கரடியை விட மனசில்லை. "நேர்ல பார்த்துட்டு முடிவு பண்றேன் மாமா" என்று சனிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டான். ஞாயிறு விடிந்ததும் மோட்டாரில் ஈப்போ போனோம். இந்த மாதிரிச் சந்தைக்கு மலாயில் பாசார் காராட் என்று பெயர், காராட் என்றால் துரு. பொருத்தமான பெயர்தான், டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் பாய் விரித்திருந்த சீனக் கிழவரிடம் கோழியும் தவளையும் இருந்தன. 170 என்றார். அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தேன், நாக்கு மடிப்பில் லேசான பழுப்பு, ஓட்டை இல்லை. சாவியை மெதுவாகத் திருகிக் காதில் வைத்தேன், ஒரே சீரான கிர்ர் சத்தம் வந்தால் நல்லது, நடுவில் தாவினால் பல் உடைந்திருக்கிறது. சீராகத்தான் இருந்தது. "இன்னைக்கு முதல் வியாபாரம் தவுக்கே, பார்த்துச் செய்யுங்க" என்று மலாயில் பேசி 130க்கு முடித்தோம். மருமகன் குனிந்து கோழியைச் சீன நாளிதழ் மேல் விட்டான், அது விளம்பரப் பக்கத்தைக் கொத்திக்கொண்டே போனது. கரடியைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

மீதி 270. அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி ஒரு கிலோவும் மூடி இறுக்கமான கண்ணாடிப் பெட்டி ஒன்றும் வாங்கச் சொன்னேன். நீல மணி நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதே. வைக்கும் முன் சாவியை முழுக்க ஓடவிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்து, கைவியர்வையைத் துடை, பிளாஸ்டிக் பையில் மட்டும் சுற்றாதே.

திரும்பி வந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோழியை வைத்துச் சாவி கொடுத்தான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கோழி ஏழெட்டுத் தடவை கொத்திவிட்டு வேகம் குறைந்து குனிந்தபடி நின்றது.

"எண்ணெய் பத்தலடா இதுக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வாங்கி மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.